பாயிண்ட் நாலு செகண்டின் விலை

குலுக்கலில் எனக்கு எதுவும் விழுந்ததாகச் சரித்திரம் இல்லை. ஒரு முறை டிப்போவில் ஆளுக்கொரு சீட்டு எடுத்தபோது எல்லோருக்கும் குடை விழுந்தது. எனக்கு மட்டும் 'மீண்டும் முயற்சிக்கவும்' என்று விழுந்தது. அப்பேர்ப்பட்டவனுக்கு விலை நியாய வாரியத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'தாங்கள் குலுக்கல் முறையில் பொதுமக்கள் பிரதிநிதியாகத் தேர்வாகியிருக்கிறீர்கள். ஜப்பானில் தயாரான அதிவேக ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் விலை நியாயமானதுதானா என்று முடிவு செய்யச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வரவும். வராவிட்டால் காரணம் கேட்கப்படும். காரணம் ஏற்கப்படமாட்டாது.'

நான் பஸ் டிப்போவில் பிரேக் வேலை பார்க்கிறவன். மற்றவர்கள் ஓட்டுகிற வண்டியை நிற்க வைப்பதுதான் இருபத்தாறு வருடமாக என் பிழைப்பு. அந்தக் காரை நான் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. கடிதத்தில் விலை என்று போட்டிருந்த எண்ணில் எத்தனை சைபர் என்று இரண்டு தடவை எண்ணினேன், இரண்டு தடவையும் வேறு வேறாக வந்தது.

"போய்ட்டு வா. ஆனா வருகைச் சான்றிதழ் இல்லாம திரும்பி வந்துடாத. சொல்லாம கொள்ளாம ஓடிட்டவன்னு எழுதிடுவேன்" என்றார் டிப்போ மேனேஜர்.

வீட்டில் கவலை வேறு விதமாக இருந்தது. என் மகளை அணில் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு இடத்தில் நிற்கமாட்டாள். நூறு மீட்டர் ஓட்டத்தில் பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான இறுதிப் போட்டிக்கு வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஓட்டம். போன வருடம் இரண்டு போட்டிக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் போகவில்லை. ஒரு தடவை பஸ் ஒன்று நடுரோட்டில் நின்றுவிட்டது, இன்னொரு தடவை நிற்காமல் போய்விட்டது.

"அம்மாவுக்கு அன்னிக்கு ஆஸ்பத்திரில டூட்டி. நீங்கதான் வரணும்" என்றாள் அணில். "பதிமூணு செகண்ட்தான்ப்பா. அதுக்கு மேல உங்களக் கேக்கல."

"செவ்வாய்க்கிழமை போனா அன்னிக்கே முடிஞ்சுடும்டா. ஒரு காருக்கு விலை சரியா தப்பான்னு சொல்ல எத்தன நாளாகும்?" என்றேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான்.

வாரியத்தின் வாசலில் காவலர் என் கைக்கடிகாரத்தையும் செல்போனையும் வாங்கி, இரண்டு பதிவேடுகளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். உறுப்பினர்கள் சொந்தக் கடிகாரம் வைத்திருந்தால் ஆளுக்கொரு நேரம் காட்டுமாம், அதனால் முடிவில் ஒருமித்த கருத்து வராதாம். உள்ளே கூடத்துச் சுவரில் பெரிதாக ஒரு கடிகாரம் இருந்தது. மாலையில் வெளியே வந்து என் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தேன். நிமிடம் பிசகவில்லை. அந்த விஷயத்தில் வாரியத்தைக் குறை சொல்ல முடியாது.

கார் கூடத்தின் நடுவில் கம்பளத்தின் மேல் நின்றது. வெயில் பட்டால் நிறம் மாறி, மதிப்பும் மாறிவிடும் என்று ஜன்னல்களுக்கெல்லாம் கனத்த திரை போட்டிருந்தார்கள். உள்ளே இரவா பகலா என்றே தெரியவில்லை. நல்ல வண்டிதான், பொய் சொல்லக்கூடாது. தாழ்வாக, அகலமாக, எந்நேரமும் கிளம்பிவிடும் என்று நிற்கிறது. அதைச் சுற்றி நாலு பக்கமும் கயிறு.

மேஜையில் நாங்கள் மூன்று பேர். வாரியத் தலைவர், பேராசிரியர், நான். எதிரில் கம்பெனி அனுப்பிய ஜப்பான்கார இன்ஜினியர் ஒருவர் முழங்கால் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நம் மொழியைப் புத்தகத்திலிருந்து படித்தவர். தலைவர் வரவேற்று முடித்ததும் அவர் எழுந்து, "தயவு செய்து ஓட்டிப் பாருங்கள். பிறகு விலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்.

தலைவர் கனிவாகச் சிரித்தார்.

"ஓட்டினா அது ஓட்டின வண்டி. அதாவது பழைய வண்டி. நாம நியாயம் சொல்ல வேண்டியது புது வண்டி விலைக்கு. ஓட்டிப் பாத்துட்டுச் சொன்னா வேற ஏதோ வண்டிக்கில்ல சொன்னதாகும்?"

"உட்காந்தாவது பாக்கலாங்களா?" என்று கேட்டேன்.

"சீட் அமுங்கும்" என்றார் பேராசிரியர்.

விஷயம் இதுதான். இதே காரின் பழைய மாடல், நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகம் எடுக்க நாலு பாயிண்ட் மூன்று செகண்ட் ஆகும். புதியதற்கு மூன்று பாயிண்ட் ஒன்பது. மிச்சம் பாயிண்ட் நாலு செகண்ட். புது வண்டியின் விலையில் நாலில் ஒரு பங்கு அந்தப் பாயிண்ட் நாலு செகண்டுக்காக மட்டும். அது தகுமா தகாதா? மூன்று பேரும் ஒரே முடிவுக்கு வந்து கையெழுத்துப் போட்டால்தான் காரை விற்கலாம். யாராவது நடுவில் எழுந்து போனால் மறுபடி முதல் நாளிலிருந்து விசாரணை.

நான் வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டு, "தகும்னு எழுதிக்குங்க, கையெழுத்து போடுறேன்" என்றேன்.

தலைவர் முகம் சுருங்கியது. "காரணம்?"

"காரணம் ஒண்ணுமில்லீங்க."

"காரணமில்லாத நியாயம் அநியாயம்."

"சரி, தகாதுன்னு எழுதிக்குங்க."

"அதுக்குக் காரணம்?"

அதற்கும் என்னிடம் காரணம் இல்லை. காரணம் எழுதும் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார்கள். குறைந்தது இருநூறு வார்த்தைகள், அதில் 'ஏனெனில்' மூன்று இடத்தில் வர வேண்டும். செவ்வாய்க்கிழமை அப்படிப் போயிற்று.

புதன்கிழமை என்ஜின் சத்தம் கேட்கும் நாள். பூட்டிய கூடத்துக்குள் என்ஜினை ஓட விட்டால் புகையில் எல்லோரும் மயங்கி விழுவோம் என்று நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார்கள். ஆகவே கம்பெனி அனுப்பிய ஒலிப்பதிவை ஸ்பீக்கரில் போட்டார்கள். தலைவர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக் கேட்டார். பேராசிரியர் இரண்டாவது தடவை போடச் சொன்னார்.

"வண்டிக்குள்ள உட்காந்து கேட்டா இன்னும் அருமையா இருக்கும் இல்ல?" என்று தலைவர் இன்ஜினியரைக் கேட்டார்.

இன்ஜினியர் நேர்மையானவர். "வண்டிக்குள்ளும் ஓரளவு ஸ்பீக்கரில்தான் வருகிறது" என்றார்.

"அப்ப நாம கேட்டது அசல்" என்று தலைவர் திருப்தியோடு எழுதிக்கொண்டார்.

தேநீர் இடைவேளையில் நான் கயிற்றுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து சக்கரத்தின் கம்பி இடைவெளி வழியாக பிரேக்கைப் பார்த்தேன். எங்கள் பஸ்ஸுக்கு மாட்டினால் பஸ் நிற்கும், பயணிகள் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட பிரேக். எனக்குப் பக்கத்தில் இன்ஜினியரும் வந்து குந்தினார்.

"நான் செய்தது" என்றார் மெதுவாக. "வேகம் மற்றவர்கள். நிறுத்துவது நான்."

"நானும் அதே வேலதாங்க!" என்றேன். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. நூறிலிருந்து சைபருக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று கேட்டேன், சொன்னார். தூக்கிவாரிப் போட்டது. இந்த ஒன்றுக்கே பாதி விலை கொடுக்கலாம் என்று எழுந்து போய்த் தலைவரிடம் சொன்னேன். அவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"நிக்கிறதுக்குக் கட்டம் இல்லீங்களே" என்றார். "இது வேக வண்டிக்கான படிவம்."

வியாழக்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் முள் முளைத்த மாதிரி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். பேராசிரியர் ஒரு செகண்டுக்கு விலை நிர்ணயிக்காமல் பாயிண்ட் நாலு செகண்டுக்கு விலை சொல்ல முடியாது என்று காலையில் ஆரம்பித்து, ஒரு செகண்டுக்கு விலை நிர்ணயிக்க முடியாது என்று மாலையில் முடித்தார். நடுவில் நான் பொறுக்கமாட்டாமல், "கொஞ்சம் சீக்கிரம் முடிக்க முடியாதுங்களா?" என்று வாயை விட்டேன். தலைவர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு உரையே நிகழ்த்தினார்.

"தம்பி, இருபத்திரண்டு வருஷமா இந்த நாற்காலில இருக்கேன். ஒரு பொருளுக்குக்கூட அவசரப்பட்டு நியாயம்னு சொன்னதில்ல. ஒரு தடவ நடக்க முடியாத குழந்தைங்களுக்கு ஒரு சக்கர நாற்காலி வந்துச்சு. விலை கொஞ்சம் அதிகம். விட்டுடுவோமா? ஆறு வருஷம் அலசுனோம். கடைசில நியாயம்தான்னு தீர்ப்பு சொன்னோம். அதுக்குள்ள அந்தக் குழந்தைங்க எல்லாம் வளந்துட்டாங்க, நாற்காலி பத்தல. யோசிச்சுப் பாருங்க. நாங்க மட்டும் அவசரப்பட்டிருந்தா, அத்தன பெத்தவங்களும் அந்தச் சின்ன நாற்காலிய வாங்கிப் பணத்த வீணடிச்சிருப்பாங்க!"

பேராசிரியர் மேஜையைத் தட்டிப் பாராட்டினார். இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் காது சிவந்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் சான்றிதழில் கையெழுத்துப் போடப் போகிறவரும் அவர்தானே? வாயை மூடிக்கொண்டேன்.

அன்று இரவு அணில் ஷூவுக்குப் புது நாடா கோத்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு வருவீங்கல்ல?" என்று கேட்கவில்லை. கேட்காததுதான் என்னை என்னவோ செய்தது.

வெள்ளிக்கிழமை போனதும் நான் முதல் காரியமாகத் தலைவர் முன்னால் போய் நின்றேன். "ஐயா, என் பொண்ணுக்கு நாலு மணிக்கு ஓட்டப் பந்தயம். ரெண்டு தெரு தள்ளி இருக்கிற மைதானம்தான். மூணரைக்காவது என்னை விட்டுடணும்."

"மூணரையா? மூணேகாலுக்கே போங்க" என்றார் தலைவர். "நேரத்தோட அருமை இந்த வாரியத்துக்குத் தெரியாதா?"

அன்றைக்குக் கடைசிச் சோதனை. மூன்று பாயிண்ட் ஒன்பது செகண்ட் என்றால் எவ்வளவு என்பதை உறுப்பினர்கள் அனுபவித்து உணர வேண்டும். காரைக் கிளப்ப முடியாது. ஆகவே அவ்வளவு நேரம் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்பது என்று பேராசிரியர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அப்புறம் பழைய மாடலுக்காக நாலு பாயிண்ட் மூன்று செகண்ட் சும்மா இருப்பது. இரண்டு சும்மாவையும் ஒப்பிட வேண்டும்.

வாரியத்தில் ஸ்டாப் வாட்ச் இல்லை. செகண்ட் முள் உள்ளது சுவர்க் கடிகாரம் ஒன்றுதான்.

"முள் பன்னெண்டுல நின்னு கெளம்பணும். அப்பதான் கணக்கு சுத்தமா இருக்கும்" என்றார் பேராசிரியர். "முள்ளு பன்னெண்டுக்கு வந்ததும் பேட்டரியக் கழட்டணும். எல்லாரும் தயாரானதும் மாட்டணும்."

"யார் கழட்டுறது?" என்றார் தலைவர். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்கதான மெக்கானிக்."

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். முள் பன்னிரண்டைத் தொட்டதும் பேட்டரியைக் கழற்றினேன். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மாட்டினேன். நாலாவது டிக்குக்கு ஒரு துளி முன்னால் பேராசிரியர் கை தட்டினார். சும்மா இருந்தாயிற்று. முள் ஒரு சுற்றுச் சுற்றிப் பன்னிரண்டுக்கு வந்ததும் மறுபடி கழற்றினேன். இனி அனுபவப் படிவம் எழுத வேண்டும். 'மேற்படி நேரம் எப்படி இருந்தது? அ. நீளம். ஆ. அதிக நீளம். காரணம் தருக.' தலைவர் நிறுத்தி நிதானமாக எழுதுகிறவர், ஒரு படிவத்துக்கு ஐந்து நிமிடமாவது ஆகும். அவர் எழுதி முடிக்கிற வரை நான் ஸ்டூல் மேல் பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு மாட்டினேன். நாலாவது டிக்குக்கு ஒரு துளி பின்னால் கைதட்டல். மறுபடி படிவம்.

முதல் ஜோடியில் பேராசிரியருக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாவதில் தலைவர் தும்மிவிட்டார், அது செல்லாது என்று ஆயிற்று. நாலாவதில் பழைய மாடலின் சும்மாதான் மனசுக்கு அதிக ஓய்வு தந்தது என்று தலைவர் சொல்ல, அது காருக்குச் சாதகமா பாதகமா என்று ஒரு விவாதம் நடந்தது. இப்படிப் பதினோரு தடவை ஏறி, கழற்றி, மாட்டி, இறங்கினேன். கால் கடுத்தது. கடிகாரம் பதினொன்றரை காட்டும்போதே எனக்கு நல்ல பசி. பதற்றத்தில் வருகிற பசி என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு முடிவு எழுத உட்கார்ந்தார்கள். இரண்டு மணி. இரண்டேகால். பேராசிரியர் 'ஏறத்தாழ' என்று எழுதலாமா 'கிட்டத்தட்ட' என்று எழுதலாமா என்று கேட்டார். இரண்டரை. தலைவர் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். இரண்டு நாற்பது. எனக்குள் ஏதோ அறுந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

"ஒரு செகண்டுக்கு என்ன விலை, ஒரு செகண்டுக்கு என்ன விலைன்னு நாலு நாளா உசிர வாங்குறீங்களே, நான் சொல்றேன் கேட்டுக்குங்க! என் பொண்ணு பதிமூணு செகண்ட் ஓடுவா. அந்தப் பதிமூணு செகண்டப் பாக்காதன்னு சொல்லி இந்த மாதிரி பத்து கார் குடுத்தாலும் எனக்கு வேணாம். பத்து கார்! சாவியோட! போதுமா?"

நான் சொல்லி முடித்த பிறகும் பேராசிரியரின் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு அந்தத் தவளை நான்.

"பதிமூணு செகண்டுக்குப் பத்து கார்" என்றார் பேராசிரியர். விறுவிறுவென்று கணக்குப் போட்டார். "அப்ப ஒரு செகண்டுக்கு முக்கால் காருக்கு மேல. பாயிண்ட் நாலு செகண்டுக்குக் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கார். ஆனா கம்பெனி கேக்குறது நாலுல ஒரு பங்குதான்!"

தலைவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர். "இருபத்திரண்டு வருஷத்துல பொதுமக்கள்கிட்டேருந்து இப்படி ஒரு காரணம் வந்ததில்ல தம்பி. பொதுமக்கள் வாக்கே சொல்லிடுச்சு. இந்த விலை நியாயம் மட்டுமில்ல, கம்மி. உயர்த்தச் சொல்லிப் பரிந்துரை பண்றோம்."

"ஐயோ, நான் அதுக்குச் சொல்லலீங்க..."

"அடக்கம் வேணாம்."

இன்ஜினியர் எழுந்து என்னைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தார். "மன்னியுங்கள்" என்றார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தீர்மானத்தை என் முன்னால் வைத்தார்கள். போடமாட்டேன் என்றால் திங்கட்கிழமை மறுபடி முதல் நாளிலிருந்து விசாரணை. கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று ஐந்து. கையெழுத்துப் போட்டேன். வருகைச் சான்றிதழையும் கொடுத்தார்கள். 'தங்கள் பொன்னான நேரத்தை வழங்கியமைக்கு நன்றி' என்று அதன் அடியில் அச்சடித்திருந்தது. இன்னும் முழுசாக முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, போகிற வழியில் அவளுக்கு ஜூஸ் வாங்கலாம் என்று சந்தோஷமாக வாசலுக்கு வந்தேன்.

காவலர் இரண்டு பதிவேட்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கைக்கடிகாரத்தைக் கொடுத்தார். கட்டிக்கொண்டே மணி பார்த்தேன். நாலு ஏழு.

"என்னங்க, என் வாட்ச் வேகமா ஓடுதா?" என்றேன்.

காவலர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு ஏழு. சரியாத்தான இருக்கு?"

"உள்ள மூணு அஞ்சுதான் காட்டுச்சு..."

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. பதினோரு தடவை. தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கும் மேல். தலைவர் 'காரணம் தருக' எழுதிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் கடிகாரம் நின்றிருந்தது, அதன் பேட்டரி என் உள்ளங்கையில் இருந்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நிறுத்துவது என் தொழில், நன்றாகவே நிறுத்தியிருக்கிறேன்.

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி ஓடினேன். இரண்டு தெரு. ஒரு செருப்பு கழன்று போயிற்று, திரும்பி எடுக்கவில்லை.

மைதானத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கேலரியின் கடைசிப் படியில் அணில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பை. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டாவதுப்பா" என்றாள். "பதிமூணு பாயிண்ட் மூணு. மொதல்ல வந்தவ பன்னெண்டு பாயிண்ட் ஒம்போது."

நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். அந்தக் கணக்கு நாலு நாளாகப் பழகிய கணக்கு.

"பாயிண்ட் நாலு" என்றேன்.

"ஆமா. கோச் கன்னாபின்னான்னு திட்டினாரு. நடுவுல ஒரே ஒரு தடவ கேலரி பக்கம் திரும்பிட்டேன்ப்பா. நீங்க வந்துட்டீங்களான்னு பாத்தேன்."

அவள் என் வெறுங்காலைப் பார்த்தாள். அப்பாவைச் சங்கடத்தில் விடக் கூடாது என்றுதான் இருக்க வேண்டும், பேச்சை மாற்றினாள்.

"உங்க கார் விஷயம் என்னாச்சு? அந்த விலை நியாயமா, இல்லியா?"

"ரொம்பக் கம்மின்னு எழுதியிருக்கு" என்றேன். "நான்தான் கையெழுத்து போட்டேன்."